காய்ச்சல் முறை

எங்கள் ஹவுஸ் ஓனர் வீட்டில் காய்ச்சல் முறை வைத்துக்கொண்டுதான் வரும். இந்த மாதம் அவர் மனைவிக்கு என்றால் அடுத்த மாதம் பெரிய பையனுக்கு, அதற்கடுத்த மாதம் பெண் வசந்திக்கு. ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையிலோ பண்டிகை நாளிலோ வராது. டிஸ்பென்சரி திறந்திருக்கும் நாளாகப் பார்த்து, ஹவுஸ் ஓனர் சாருக்கு ஆபீசில் பெர்மிஷன் கிடைக்கும் நேரமாகப் பார்த்து வரும். காய்ச்சல் கண்டவர்கள் அந்த நேரத்தில் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டோ தெருவில் பந்தடித்துக்கொண்டோ இருப்பார்கள்.

சிட்லபாக்கத்தில் அவர் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகி வந்த புதிது. சார் குடும்பம் மாடியில். அவர் எந்த ஆபீசில் வேலை பார்த்தார் என்று சொல்ல மாட்டேன், பென்ஷன் வந்துகொண்டிருக்கும் குடும்பம். பல ஆபீஸ்காரர்களுக்குப் பொதுவாக ஒரு டிஸ்பென்சரி இருந்தது, அதில் அவருக்கும் குடும்பத்தாருக்கும் மருந்து இலவசம் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

வீடு பார்க்கப் போன அன்று மற்ற ஹவுஸ் ஓனர்கள் கேட்கும் எதையும் அவர் கேட்கவில்லை. கறி மீன் சமைப்பீர்களா, உறவுக்காரர்கள் அடிக்கடி வருவார்களா, ஒன்றும் கிடையாது. என் கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வெள்ளம் வந்தா பயமா?" என்று கேட்டார். இவர் விழித்தார். "இல்ல, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் ரயில்வே லைன். மழை வலுத்தா நாம தீவுல இருக்கிற மாதிரிதான். அந்தப் பக்கம் ஏர்போர்ஸ்காரங்க. யுத்தம் வந்தா எதிரி மொதல்ல எங்க குண்டு போடுவான்? நம்ம தலைமேலதான். பயப்படாதீங்க, நான் எல்லாத்துக்கும் ரெடியா இருக்கேன்" என்றார். வாடகைக்கு வீடு தேடி வந்தவர்களுக்கு இப்படியொரு ஆறுதலை வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் ரெடியாக வைத்திருந்தது ஆன்டிபயாடிக் மாத்திரைகளை. வேறெதையும் அவர் சேர்க்கவில்லை. அரிசி, மண்ணெண்ணெய், மெழுகுவத்தி எல்லாம் மாதக் கடைசியில் எங்களிடம்தான் கைமாற்று வாங்குவார்கள். தலைவலி மாத்திரைகூட அந்த வீட்டில் இருக்காது. "அதெல்லாம் பெட்டிக்கடையிலயே கிடைக்கும்மா. உயிரைக் காப்பாத்தறது இது ஒண்ணுதான்" என்பார்.

டிஸ்பென்சரியில் வாங்குவதில் அவருக்கு ஒரு வழிமுறை இருந்தது. அங்கே இருந்த டாக்டர் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. யாருக்கு, என்ன, எத்தனை நாளாக என்று கேட்பார். பதில் முடிவதற்குள் எழுதி முடித்துவிடுவார். சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போக வேண்டும். ஜன்னல் இடுப்பளவு உயரத்தில், ஒரு கை நுழையும் அளவுக்கு. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே நிற்பவரின் கையும் குரலும்தான் தெரியும். காக்கிக் கவரில் மாத்திரைகளை உதிரியாகப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். ஆரம்பத்தில் பிள்ளைகளை அழைத்துப் போவார். பெரிய பையன் பிரமாதமாக இருமுவான், எப்போது நிறுத்துவது என்றுதான் அவனுக்குத் தெரியாது. வசந்திக்கு நடிப்பு வராது. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் சிரித்துவிடுவாள். அதனால் அவளை அழைத்துப் போவதையே நிறுத்திவிட்டு, "பொண்ணுக்குங்க, தொண்டைங்க, எழுந்து நடக்க முடியலைங்க" என்று டாக்டரிடமும் ஜன்னலிலும் அவரே சொல்லி வாங்கி வந்துவிடுவார். வசந்தி அந்த நேரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் பால் பேட்மின்டன் ஆடிக்கொண்டிருப்பாள்.

இதையெல்லாம் நான் ஒளிந்திருந்து கண்டுபிடிக்கவில்லை. அவரே பெருமையாகச் சொல்வார். அவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. பொய் சொல்கிறோம் என்றே அவர் நினைக்கவில்லை. பிற்பாடு வரப்போகும் காய்ச்சலுக்கு முன்கூட்டியே மருந்து வாங்குகிறோம் என்றுதான் நினைத்தார்.

வாங்கியதை எல்லாம் காலி ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, படுக்கையறை பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுவார். சாவி அரைஞாண் கயிற்றில். அவரவர் காய்ச்சல் அவரவர் பாட்டிலில் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். மனைவிக்கு ஒரு வரிசை, பையனுக்கு ஒரு வரிசை, வசந்திக்கு ஒரு வரிசை. எது எந்த வருஷம் வாங்கியது, எது பென்சிலின், எது டெட்ராசைக்ளின் என்று கேட்டால் தெரியாது. "கலர் ஞாபகம் இருக்கும்மா" என்பார். பாட்டில்களைக் கழுவியிருந்தார்கள்தான். ஆனாலும் பீரோவைத் திறந்தால் மாவடு வாசனை வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் மாத்திரைகளில் ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். தை மாத வெயிலில் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, மாத்திரைகளைக் கொட்டிப் பரப்பிவிடுவார். பக்கத்து வேட்டியில் அவர் மனைவியின் ஜவ்வரிசி வடாம். இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு காக்கா ஓட்டுவார். வடாம் பக்கம் வரும் காக்காயை அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பாத்திரம் தேய்த்த முனியம்மா ஒருநாள் துணி உலர்த்த மாடிக்குப் போனவள், போன வேகத்தில் இறங்கி வந்தாள். "இன்னாம்மா இது, மாத்திரைய வடாம் கணக்கா காய வச்சிகினு கீறாரு. எண்ணெய்ல பொரிச்சா துன்றாங்கோ?"

"அது அவசரத்துக்காம்" என்றேன்.

"இன்னா அவசரம்?"

அதுதான் யாருக்கும் தெரியாது. அந்த மாத்திரைகளை எடுக்கும் அளவுக்குத் தகுதியுள்ள அவசரம் எதுவும் அந்த வீட்டில் வரவேயில்லை. அவர் மனைவிக்கு உண்மையிலேயே நெஞ்சில் சளி கட்டி நாள்கணக்கில் இருமியபோது, பீரோவுக்கு நேராகக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, டிஸ்பென்சரிக்குப் போய் வரிசையில் நின்று மருந்து வாங்கி வந்தார். "அதான் உள்ளே இவ்வளவு இருக்கே" என்று அந்த அம்மா இருமலுக்கு நடுவே கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் எடுத்தா நாளைக்கு நெஜமா ஒண்ணு வந்தா என்ன பண்ணுவே?" என்றார். ஒரு வருஷம் மழையில் ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் ஏறியது. எங்கள் போர்ஷனுக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினோம். சாரின் பெரிய பையனுக்கு ஜுரம் கொதித்தது. சரி, இன்றைக்கு பீரோ திறக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். சார் மாடிப்படியில் நின்று தண்ணீரைப் பார்த்தார். "முட்டிக்கு மேல வரட்டும், பார்க்கலாம்" என்றார்.

அவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அவசரநிலையைப் பிரகடனம் செய்தார். அதில் மாட்டிக்கொண்டவர் என் கணவர்.

அன்று கடையடைப்பு. பஸ் இல்லை, ரயில் இல்லை, மருந்துக்கடை உட்பட எல்லாம் சாத்தியிருந்தது. இவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி ஒரு பக்கத் தாடை வீங்கிவிட்டது. வலி தாங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். சார் கீழே இறங்கி வந்து, தாடையைப் பார்த்தார், வாசலுக்குப் போய் வெறிச்சோடிய தெருவைப் பார்த்தார், திரும்பி வந்தார். "இது அவசரம்" என்றார். குரலே மாறியிருந்தது. மாடிக்குப் போய் இரண்டு மாத்திரை கொண்டுவந்தார். "ஒண்ணு போதாது, வீக்கம் பெரிசா இருக்கு" என்று அவரே அளவு முடிவுசெய்து இரண்டையும் விழுங்க வைத்தார். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. எங்களுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

காபி டம்ளரைக் கழுவி வைக்கும் நேரத்துக்குள் இவர் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. உதடு வீங்கியது, கண் இடுங்கியது. மூச்சு விடும்போது சத்தம் வந்தது. நான் அலறினேன். சார் லுங்கியை மடித்துக் கட்டினார், சைக்கிளை எடுத்தார், என் கணவரைக் கேரியரில் உட்கார வைத்து, "பின்னால பிடிச்சுக்கிட்டே ஓடி வாம்மா" என்றார். சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஒரு லேடி டாக்டர் வீடு. அந்த மனிதர் அன்று சைக்கிள் மிதித்ததை நான் மறக்கவே மாட்டேன். வழியெல்லாம், "சார், பேசிக்கிட்டே வாங்க சார், எதாவது பேசுங்க சார்" என்று அழுதுகொண்டே மிதித்தார். உதடு வீங்கியவர் என்ன பேசுவார்?

டாக்டரம்மா ஊசி போட்டுக் காப்பாற்றினார். மூச்சு சீரானதும் சார் பக்கம் திரும்பினார். "என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"கறுப்பும் சிவப்பும்" என்றார் சார்.

"பேரு கேட்டேன்."

"பேரு தெரியலைங்க. நல்ல மாத்திரைதான்."

அதற்குப் பிறகு அந்த அம்மா பேசியதைச் சார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். இந்த வகை மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சை அடைத்துவிடும், விசாரிக்காமல் கொடுக்கக் கூடாது, ஒன்றிரண்டு போட்டு நிறுத்தினால் கிருமி சாகாது, பழகித்தான் போகும், அப்புறம் எந்த மருந்தும் கேட்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தார். பாட்டில்களை எல்லாம் தூக்கிப் போடுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் ஒவ்வொரு பாட்டிலிலும், 'கீழ் வீட்டு சாருக்குக் கூடாது' என்று எழுதி ஒட்டினார். எந்தப் பாட்டிலிலிருந்து கொடுத்தார் என்று ஞாபகமில்லாததால் எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டார். அடுத்த மாதம் வசந்திக்குத் தொண்டை.

வருஷங்கள் ஓடின. தொண்ணூறுகள் பிறந்து, வசந்தி தாம்பரத்திலேயே காலேஜ் முடித்தாள். பெருங்களத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் இன்ஜினியர். அப்பா ரிட்டயர்டு, அம்மாவும் உத்தியோகம் பார்க்கிறவர் என்று தரகர் சொன்னார். போட்டோ வந்த அன்றிலிருந்து வசந்தி அதை ஒரு புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தையே படித்துக்கொண்டிருந்தாள். "புடிச்சிருக்காடி?" என்று கேட்டேன். "போங்கக்கா" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று கேசரி கிளறியது நான், பஜ்ஜி போட்டது அவள் அம்மா. மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துப் பேசுகிறவராக இருந்தார். வசந்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "பாடுவியாம்மா?" என்றார். வசந்தி பாடினாள். மேல் ஸ்தாயியில் போய் நின்றபோது தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அப்படி ஒரு குரல் அவளுக்கு. எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

சார் கூச்சத்தோடு கையைப் பிசைந்தார். பத்து வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தொண்டை சரியா இருந்தா இன்னும் நல்லா பாடுவாளுங்க."

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

"என்னங்க?"

"தொண்டைன்னீங்களே, அதை."

"பொண்ணுக்குங்க, தொண்டைங்க..." என்று ஆரம்பித்த சாருக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது.

"நீங்களா?" என்றார் அந்த அம்மா. "டிஸ்பென்சரியில மருந்து குடுக்கற ஜன்னல்ல இருக்கிறது நான்தான் சார். மூஞ்சி பார்த்ததில்ல. ஆனா இந்தக் குரலை எத்தனை வருஷமா கேட்கறேன். பொண்ணுக்குத் தொண்டை, எழுந்து நடக்க முடியல. பாவம், யாரு பெத்த பொண்ணோன்னு நெனச்சுக்குவேன். அது இந்தப் பொண்ணா?"

மாப்பிள்ளையின் அப்பா கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அந்த அம்மாவின் குரலில் கோபமில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"தப்பா நெனக்காதீங்க. இந்தத் தொண்டை நோய் திரும்பத் திரும்ப வந்தா மூட்டுக்குப் போகும், அப்புறம் இருதயத்துல போய் உக்காந்துடும். குழந்தை பெத்துக்கறதே ஆபத்தாயிடும். நான் பார்த்திருக்கேன் சார். பொண்ணு தங்கமா இருக்கா. ஆனா இதை எங்ககிட்ட மறைச்சிருக்க வேண்டாம்." புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

சார் நின்ற நிலையை என்னவென்று சொல்வது? பெண்ணுக்கு ஒரு நோயும் இல்லை என்று சொன்னால், இத்தனை வருஷம் பொய் சொல்லி மருந்து வாங்கியதை, அந்த மருந்தைக் கொடுத்தவரிடமே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அம்மா ஒரு வார்த்தை மேலே சொன்னால் வேலை போகும், பென்ஷன் போகும். சொல்லாவிட்டால் வரன் வாசலைத் தாண்டிவிடும். இந்தப் பேச்சு வெளியே பரவினால் வேறு வரனும் வராது. வசந்தி அப்பாவைப் பார்த்தாள்.

சார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வேட்டி மடிப்பில் கையை விட்டு எதையோ அவிழ்த்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் இந்த மனுஷன் என்ன செய்கிறார் என்று எல்லோரும் திகைத்து நிற்க, சாவியோடு திரும்பினார். "ஒரு நிமிஷம் உள்ளே வாங்க" என்று சொல்லிப் படுக்கையறைக்குப் போனார். எல்லோரும் பின்னாலேயே போனோம். பீரோவைத் திறந்து வசந்தியின் வரிசையைக் காட்டினார்.

"இதுதாங்க என் பொண்ணோட தொண்டை" என்றார்.

அடுத்த வரிசையைக் காட்டினார். "இது இவங்க அம்மாவோட நெஞ்சு சளி. இது பெரியவனோட ஜுரம். யாருக்கும் ஒண்ணும் வரலைங்க. எங்க வீட்டுல ஒண்ணுகூட யாரும் சாப்பிடலை. நான்தான் பொய் சொல்லி வாங்கினேன். எம் பொண்ணு தொண்டைன்னு படுத்ததே இல்லைங்க."

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு பாட்டிலை எடுத்தார். "கீழ் வீட்டு சாருன்னா யாரு?" என்று கேட்டார். என் கணவர் பின்வரிசையில் நின்று கையைத் தூக்கினார். அந்த அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். கையில் கொட்டினார். நிறம் வெளுத்து, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு விழுந்தன.

"என்ன இது, காஞ்சு போயிருக்கு?"

"வருஷா வருஷம் வெயில்ல உலர்த்துவேங்க. கெட்டுப் போகாம இருக்க."

"வெயில்லயா?" அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இது பழசானா கிட்னியைக் கெடுத்துடும் சார். இதையா பத்திரமா பூட்டி வெச்சிருக்கீங்க? எதுக்கு?"

"அவசரத்துக்குங்க."

"என்ன அவசரம்?"

எங்களுக்கும் விடை தெரியாத கேள்வி அது. சார் வசந்தியைக் காட்டினார். "இவளுக்கு அப்ப ரெண்டு வயசு. நிமோனியா. டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. ஜன்னல்ல சீட்டை நீட்டினா ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க. வெளியே எல்லாக் கடையும் மூடியிருந்த நாள். இவளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டுல ஓடறேன். மூச்சு வாங்குது இவளுக்கு. எந்தக் கதவைத் தட்டறதுன்னு தெரியலை. கடைசியில ஒரு புண்ணியவான் பின்கதவைத் திறந்து குடுத்தாரு. பொழைச்சா. இனிமே என் வீட்டுல ஸ்டாக் இல்லைங்கற பேச்சே இருக்கக்கூடாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணினேங்க."

அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார். நானும்தான். மாப்பிள்ளையின் அம்மா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவும் மாசக் கடைசியில ஸ்டாக் இருக்காது சார்" என்றார். "குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு சீட்டை நீட்டுவாங்க. இல்லைன்னு நான்தான் சொல்றேன். மாசம் பொறக்கறப்ப அவ்வளவு வருதே, எங்கதான் போகுதுன்னு நானும் யோசிச்சிருக்கேன். இங்க இருக்கு."

சார் பீரோவைப் பார்த்தார்.

"அவங்கல்லாம் என்ன பண்ணுவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓடுவாங்க சார்" என்றார் அந்த அம்மா.

சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முதன்முதலாக அவர் முகத்தில் எந்த வழிமுறையும் இல்லை.

கதவோரம் நின்றிருந்த மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். "அம்மா, அப்ப... இது?" என்று தன்னையும் வசந்தியையும் காட்டிக் கேட்டான். அந்த நேரத்திலும் வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு எப்போதும் வரக்கூடாத இடத்தில்தான் வரும்.

"பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லடா. வியாதி இவருக்குத்தான்" என்றார் அந்த அம்மா. "சார், ஆபீசுக்கு எழுதினா, நிமிர்ந்து பார்க்காம எழுதிக் குடுத்த டாக்டரும், மூஞ்சி பார்க்காம மருந்தைத் தள்ளின நானும் சேர்ந்துதான் மாட்டணும். அதை விடுங்க. இது ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக்கூடாது. இனிமே நடிப்பும் கூடாது. சம்மதமா?"

சார் எழுந்து கையைக் கூப்பினார். அப்புறமும் ஆசை விடவில்லை. "நல்லதா இருக்கறதை மட்டும் பொறுக்கி, ஜன்னல்ல திருப்பிக் குடுத்துடட்டுமாங்க?"

"மாவடு வாசனையோட யாருக்குங்க குடுப்பேன்?"

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் சாரும் மாப்பிள்ளையின் அம்மாவும் மொட்டைமாடியில் எதிரெதிரே உட்கார்ந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாளியில் கொட்டினார்கள். குப்பையில் போட்டால் யாராவது பொறுக்கி எடுத்து விற்பார்கள், கிணற்றில் போட்டால் தண்ணீர் கெடும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். மண்ணோடு கலந்து தூரத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். முனியம்மா வேடிக்கை பார்த்துவிட்டு வந்து, "கல்யாணத்துக்கு முன்னாடி பந்தக்கால் நடுவாங்கோ. இவுரு இன்னாத்தையோ பொதைக்கிறாரே" என்றாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வசந்தி புருஷனோடு பெருங்களத்தூருக்குப் போனாள். அந்த வீட்டில் முறை வைத்து வந்த காய்ச்சல் நின்றுபோனது.

அதற்குப் பிறகு ஒருநாள் சார் எங்கள் போர்ஷனுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. நிஜமான காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்தார். டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். டாக்டர் வழக்கம்போல நிமிராமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜன்னலில் சீட்டை நீட்டியிருக்கிறார்.

"யாருக்குன்னு கேட்டாங்கம்மா. எனக்குத்தான் சம்பந்தின்னேன். குனிங்கன்னாங்க. குனிஞ்சேன். ஜன்னல் வழியா கையை விட்டு என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தாங்க." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இத்தனை வருஷம் அந்த டிஸ்பென்சரிக்குப் போறேன். யாரும் தொட்டுப் பார்த்ததில்ல. 'ஆமா, ஜுரம் இருக்கு'ன்னு சொல்லிட்டுத்தான் மருந்தைத் தள்ளினாங்க."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து காக்கிக் கவரை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார்.

"எல்லாத்தையும் முழுங்கிட்டேம்மா. ஒண்ணுகூட மிச்சம் வெக்கல."